கரையாத புளி

அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் கால் ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் உட்காருகிறவர் பிரிவு எழுத்தருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுத்தர் அந்த நாற்காலி தளவாடப் பதிவேட்டில் உள்ளதுதானா, யாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டதா என்று பார்க்க வேண்டும். பழுது நீக்கத் தக்கதா, கழித்துவிடத் தக்கதா என்று ஓர் அலுவலர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். பழுது நீக்கத் தக்கது என்றால் விலைப்புள்ளி கேட்க வேண்டும். அதற்குள் நிதியாண்டு முடிந்திருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரைக்கும் உட்காருகிறவர் ஒரு காகிதத்தை மடித்து ஆடும் காலுக்குக் கீழே சொருகிக்கொள்வார். இந்தக் கடைசி நடவடிக்கைக்கு மட்டும் விதி எதுவும் இல்லை. ஆகவே அது தவறாமல் நடந்தது.

அவள் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்த காலையில், என் மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலி அப்படி ஒரு காகிதத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நான் அங்கே கண்காணிப்பாளர். அவளை எங்கள் பொறுப்பில் இருந்த மாணவியர் விடுதிக்குக் காப்பாளினியாகப் போட்டிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். கையில் ஒரு பெட்டி, தோளில் கனத்த துணிப்பை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். மடித்த காகிதம் தரையில் விழுந்தது. அலுவலகச் சிக்கனம் பற்றி நானே கையெழுத்திட்டுச் சுற்றுக்கு விட்ட அறிக்கை அது.

"ஒண்ணுமில்ல மேடம். ஒரு ஆப்பு வச்சாப் போதும்" என்றாள்.

பிரிவில் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. எங்களுக்கு ஆப்பு புதிதல்ல. யாராவது யாருக்காவது வைத்துக்கொண்டேதான் இருந்தோம். மரத்துக்கு வைத்து அன்றுதான் பார்த்தோம். துணிப்பைக்குள் கைவிட்டு ஓர் உளியை எடுத்தாள். ஒரு மரச் சில்லைச் சீவி, கால் பொருந்துகிற இடத்தில் நுழைத்து, மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். நாற்காலியை நிமிர்த்தி, அதிலேயே உட்கார்ந்து, பணியேற்பு அறிக்கையை என்னிடம் நீட்டினாள்.

"இது கவர்மென்ட் நாற்காலி. கேக்காம கைவைக்கப்பிடாது" என்றேன்.

"கேட்டா எப்ப மேடம் சரின்னு சொல்லுவீய?"

என்னிடம் அதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. புதிதாக வந்தவளை முதல் நாளே பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை.

எந்தத் துறை என்று எழுதப்போவதில்லை. ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. அவள் பெயரையும் எழுதப்போவதில்லை. அவள் இன்னும் பணியில் இருக்கக்கூடும். நல்லவிதமாக எழுதினாலும் விளக்கம் கேட்கிற துறை அது.

அந்தத் துணிப்பை ஏதோ கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்தது. மணமக்கள் பெயர்கள் பாதி அழிந்திருந்தன. உள்ளே அறை அறையாகத் தைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு கருவி: கைரம்பம், அகலமும் ஒடுக்கமுமாக இரண்டு உளி, அவற்றின் தலையில் தட்டுவதற்குக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், மரத்தை வழவழப்பாக்க இழைப்புளி, கோணம் பார்க்க மூலைமட்டம், திருகாணிக்குத் திருப்புளி, ஒரு சாணைக்கல். அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் என் மகன் இணையத்தில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். திறந்தால் ஆஸ்பத்திரி அறுவை அறை மாதிரி பளபளக்கிறது. அவன் வீட்டு அலமாரிக் கதவு இன்னும் தரையில் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை அவளிடம், "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் வாங்கி வச்சுக்கலாமே" என்றபோது சொன்னாள்: "இதுக்கு மேல இருந்தா தேடுததுக்கே பொழுது போயிரும்க்கா. அப்பொறம் வேலய எப்ப செய்ய?"

எங்கே கற்றாள் என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பா தச்சரா, தாத்தா தச்சரா என்று விசாரித்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அப்பா வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருந்தார். பள்ளி முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தையலில் இடம் இல்லை. தச்சில் ஆள் இல்லை. "சும்மா வீட்டுல இருக்கதுக்கு இதுல உக்காந்துட்டு, தையலுக்கு இடம் வந்ததும் மாறிக்கோம்மான்னாங்க. அந்த இடம் இன்னும் வரல" என்பாள். பட்டம், பி.எட்., தேர்வு, வேலை எல்லாம் அதற்குப் பிறகு. சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிக் காட்டும்போது தச்சுச் சான்றிதழை மேலே வைப்பாள். அது பணிக்குத் தேவையில்லாத சான்று என்று நான் அடியில் வைப்பேன். திரும்ப எடுத்து மேலே வைப்பாள்.

உளியைச் சாணைக்கல்லில் தீட்டி முடித்ததும் கூர் வந்ததா என்று இடது முன்கையில்தான் பார்ப்பாள். உளி அங்குள்ள பூனைமுடியை லேசாகச் சிரைக்க வேண்டும். சிரைத்தால் கூர் சரி. அதனால் அவள் இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு எப்போதும் மழமழவென்று இருக்கும். மாதக் கூட்டத்துக்கு அரைக்கைச் சட்டை போட்டு வரும்போது அலுவலகப் பெண்கள் அதைப் பார்த்து அழகுநிலையம் எது என்று விசாரித்தார்கள். "கையிலயே வச்சுருக்கேன்" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது ஒரு சிறிய பெருமையாக இருந்தது எனக்கு.

அவள் கைவைத்த எதுவும் பிறகு ஆடாது. அதுதான் அவள். கட்டில் கால், பலகை, ஜன்னல், சமையலறை அம்மிக்குப் பக்கத்துப் பரண், எதுவானாலும் முடித்துவிட்டு ஒருமுறை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவாள். அசையாவிட்டால், "இனி கெடக்கும்" என்பாள், நிலைத்து நிற்கும் என்ற பொருளில். கயிறு கட்டி நிறுத்துவது, அட்டை சொருகுவது, ஓர் ஆணியை மட்டும் அடித்து வைப்பது, இவற்றைப் பார்த்தால் அவளுக்குப் பல் கூசும். "செஞ்சா கெடக்கணும்லா அக்கா. கெடக்காததுக்கு எதுக்குச் செய்யணும்?" இந்தக் கொள்கையை எங்கள் துறை ஏற்றிருந்தால் பாதிப் பேருக்கு வேலை இருந்திருக்காது. எனக்கும்தான்.

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று சொல்கிறேன். புளியால்.

விடுதிக்குள் சொந்தப் பொருள் வைத்திருந்தால் பின்னால் பிரச்சினை வரும், நன்கொடை என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடு என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்ல தமிழில் ஒவ்வொன்றாக எழுதி வைத்தாள். அப்போது எங்கள் ஊர் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்துக்குப் போகவில்லை. தணிக்கைக்குத் திருநெல்வேலியிலிருந்து வருவார்கள். வந்தவர் கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரர். அவர் எழுப்பிய ஆட்சேபணை இது: "இருப்புப் பதிவேட்டின்படி திருப்புளி, இழைப்புளி, கொட்டாப்புளி ஆகிய மூவகைப் புளி விடுதியில் கையிருப்பில் உள்ளது. அவ்வாறிருக்க, வெளிச்சந்தையில் மேலும் புளி கொள்முதல் செய்யப்பட்டதன் காரணம் விளக்கப்பட வேண்டும்."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "மேடம், மூணையும் போட்டு ரசம் வச்சுப் பாத்துருவமா?"

நான் சிரிக்கவில்லை. தணிக்கை ஆட்சேபணைக்குச் சிரிப்பு பதிலாகாது. பதில் எழுதினேன்: "மேற்படி மூன்றும் தச்சுக் கருவிகள் ஆகும். அவை நீரில் கரைவன அல்ல." பொருத்தமான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன். மறுநாள் அடுத்த ஆட்சேபணை வந்தது: "நீரில் கரையாத புளியை மாணவியர் விடுதிக்கு ஏற்றுக்கொள்ள உரிய அலுவலரின் முன் அனுமதி பெறப்பட்டதா?"

அதன்பிறகு நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ அக்கா, அக்கா" என்றாள். அதோடு மேடம் போயிற்று. கடைசியில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தணிக்கையாளர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

அவர் திருப்புளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்க்ரூ டிரைவர்லாம்மா?"

"ஆமா சார்."

"அத மொதல்லயே தமிழ்ல எழுத வேண்டியதுதான?"

என் கணவர் அப்போது தூத்துக்குடியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். மகன் வெளியூரில் படித்தான். மற்ற சாயங்காலங்களில் கழுகுமலை ரோட்டு வீட்டில் நானும் செய்தித்தாளும்தான். அதனால் விடுதிக்குப் போவேன். கண்காணிப்பாளர் காரணமில்லாமல் விடுதிக்குப் போகக்கூடாது. திடீர் ஆய்வு என்று போகலாம். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "சமையலக்கா, திடீர் ஆய்வு வந்துட்டு. காப்பியப் போடுங்க."

முற்றத்தில் எப்போதும் ஏதாவது மரம் கிடக்கும். "அக்கா, சும்மாதான இருக்கீய? அந்த ஓரத்தப் புடிங்க" என்பாள். ஒரு முனையில் அவள் ரம்பத்தை ஓட்டுவாள். மறு முனையை நான் அழுத்திப் பிடித்திருப்பேன். அறுக்கிற அதிர்வு பலகை வழியாக என் உள்ளங்கைக்கு வரும். அவள் நிறுத்தினால் நிற்கும். எத்தனையோ பதவிகளில் எத்தனையோ பொறுப்புகளை முறைப்படி ஏற்று முறைப்படி ஒப்படைத்திருக்கிறேன். பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் படிவம் கிடையாது. அந்த வேலையைப் போல வேறெதையும் நான் விரும்பிச் செய்ததில்லை.

இழைக்கும்போது சுருள் சுருளாக விழும். பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சடையில் வைத்துக்கொள்வார்கள். வேப்பமரம் என்றால் கசப்பு வாசம், தேக்கு என்றால் தோல் வாசம். அவள் கொண்டையில் பென்சில் சொருகியிருக்கும். அளவு குறித்துவிட்டுத் திரும்ப அங்கேயே சொருகுவாள். பிறகு பென்சிலைக் காணோம் என்று முற்றமெல்லாம் தேடுவாள். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

"ஆய்வு செய்ய வந்த ஆளு, காணாமப் போன பென்சிலக் கண்டுபிடிக்கக் கூடாதா?"

"எழுத்துமூலமா புகார் கொடு. பாக்கேன்."

"ஆமா, கொடுத்தா நான் ரிட்டயர் ஆகையில கெடைக்கும்."

கதவுக்கு வருகிறேன். எழுத விருப்பமில்லாததால்தான் இவ்வளவு சுற்றினேன்.

விடுதியின் பின்புறம் குளியல் கட்டு. உள்ளே தடுப்புகள் உண்டு. வாசலுக்கு ஒரு கதவு. அது மழையில் நனைந்து, கறையான் பிடித்து, ஒருநாள் பிள்ளைகள் திறக்கும்போது கையோடு வந்துவிட்டது. முறைப்படி எழுதினாள். முறைப்படி நான் மேலே அனுப்பினேன். பொறியாளர் பார்க்க வேண்டும், மதிப்பீடு வர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை வாசலில் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தாள். சமாளித்திருக்கலாம், ஆனால் பக்கத்து மனையில் வீடு எழும்ப ஆரம்பித்தது. சாரத்தில் ஆட்கள் நின்றார்கள். காற்றடித்தால் சாக்கு தூக்கும். பிள்ளைகள் விடிவதற்கு முன் இருட்டில் குளிக்கத் தொடங்கினார்கள். பெரிய பிள்ளைகள் சிலர் குளிப்பதையே விட்டார்கள். நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். நினைவூட்டுக்கும் ஒரு நினைவூட்டு உண்டு. அதையும் அனுப்பினேன்.

திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா வந்தார். பருத்திக் காட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் கரிசல் மண் காயவில்லை. மகளின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார்.

"ஏ டீச்சர், ஊர்ல எங்க வீட்டுக்கு ஓடுதான் இல்ல, கதவு இருக்கு. இங்கன கட்டடம் இருக்கு, கதவு இல்ல. சாக்க நம்பியா பொட்டப்பிள்ளய விட்டுட்டுப் போக?"

அவள் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். "திங்கக்கிழம வந்து பாருங்கம்மா. கதவு இல்லன்னா நானே கொண்டாந்து பஸ் ஏத்தி விடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கியிருந்த காப்பாளினி அறையின் கதவைக் கழற்றினாள். பழைய தேக்கு. விடுதியில் உருப்படியாக இருந்த ஒரே கதவு அதுதான். குளியல் கட்டு வாசலுக்கு அது பெரிது. அடியில் அறுத்து, பக்கவாட்டில் இழைத்து, உளியால் கீலுக்குப் பள்ளம் எடுத்துப் பொருத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தாள். அன்று பலகை பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. பிறகு ஏன் என்று கேட்டேன். "நீங்க புடிச்சிருந்தா உங்க பேரும் சேந்து வரும்லாக்கா" என்றாள். திங்கட்கிழமை அந்த அம்மா வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திறந்து வெளியே வந்தார். மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பேருந்துக்கு நடந்தார். பிள்ளை தங்கிவிட்டாள்.

காப்பாளினி அறை வாசலில் அவளுடைய பழைய சேலை ஒன்று தொங்கியது. மாவட்ட அலுவலர் ஆய்வுக்கு வந்து அந்த அறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது காற்றடித்தது. சேலைத் தலைப்பு அவர் முகத்தில் விழுந்து, காப்பி சட்டையில் கொட்டியது. பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"இந்த ரூமுக்குக் கதவு எங்க?" என்றார்.

"குளிக்கப் போயிருக்கு சார்" என்றாள்.

வேறு எந்த விதமாகச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருப்பாள். அனுமதியின்றி அரசுக் கட்டடத்தின் பகுதியைக் கழற்றியது, அறுத்துச் சேதப்படுத்தியது, இடம் மாற்றியது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது என்று குறிப்பாணை தயாராயிற்று. தயாரித்தது எங்கள் பிரிவு. அதற்கு அவள் தர வேண்டிய விளக்கத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். குறிப்பாணையையும் விளக்கத்தையும் ஒரே ஆள் எழுதுவது எங்கள் துறையில் புதிதல்ல. அப்போதுதான் இரண்டும் பொருந்தி வரும்.

மாவட்ட அலுவலர் கொடியவர் அல்ல. சட்டை காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: தற்காலிக ஏற்பாடுதான், கதவைத் திரும்பப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதட்டும், எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் வெளிமாவட்டம். அறுத்த கதவைப் பொருத்துவதற்குக் கட்டை வைத்து ஆணி அடித்தால் போதும் என்று பொறியாளரும் சொல்லிவிட்டார்.

விளக்கத்தை அருமையாக எழுதினேன். இன்றும் அதில் ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. "மாணவியரின் நலன் கருதி மேற்படி கதவு தற்காலிகமாக இடம் மாற்றிப் பொருத்தப்பட்டது." எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். அவள் படித்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, 'தற்காலிகமாக' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். மரத்தில் அளவு குறிக்கிற மாதிரி நேர்கோடு.

"ஏட்டி, அந்த ஒரு வார்த்தைலதான் உன் வேலையே இருக்கு" என்றேன்.

"கெடக்கட்டும்னுதானக்கா மாட்டினேன். தற்காலிகமா மாட்டலயே."

"அது எனக்குத் தெரியாதா? பேப்பர்ல எழுதுததுதான. நீ எழுது. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"எழுதினா கதவத் திருப்பி மாட்டணும்லா?"

"மாட்டணும்."

"அப்பொறம் அங்கன?"

"புதுக் கதவுக்கு எழுதியிருக்கு. வரும்."

"எப்பக்கா வரும்?"

அவள் வந்த முதல் நாளில் சொல்லாமல் விட்ட பதிலை இப்போதும் சொல்ல முடியவில்லை.

"பிள்ளைகளுக்குச் சாக்குச் சொல்லியும் ஆச்சு, சாக்குத் தொங்கவிட்டும் ஆச்சு" என்றாள். "மறுபடியும் சாக்கா? என்னால முடியாதுக்கா."

முற்றத்தில் ஒரு பலகை பாதி அறுத்தபடி கிடந்தது. நான் அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன். நல்ல படிப்பு படித்திருக்கிறேன். விதிகள் எல்லாம் மனப்பாடம். அந்த நேரத்தில் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. எந்த விதியிலும் இல்லாதது.

"நீ போயிட்டா நான் சாயங்காலத்துல எங்கட்டி போவேன்?"

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது முன்கையின் மழமழப்பை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். சமையலக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காப்பி ஆறியது.

"அக்கா, உங்களுக்காக எதுனாலும் எழுதிருவேன்" என்றாள் கடைசியில். "இந்த வார்த்தய எழுதினா நான் இங்கன இருப்பேன். ஆனா அந்தத் திருவேங்கடத்துப் பிள்ள போயிரும். நான் இருந்து அவ போறதுக்கு நான் எதுக்கு இங்கன இருக்கணும்?"

கோடு போட்ட காகிதத்தில் அப்படியே கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

மாறுதல் ஆணை சீக்கிரமே வந்தது. இந்த மாதிரி ஆணைகள் சீக்கிரம் வரும். மலைக்கு மேலே, நீலகிரியில் ஒரு விடுதி. ஆணையின் கடைசி வரி எல்லா ஆணைகளிலும் இருப்பதுதான், நூறு பேருக்கு நானே எழுதியிருப்பேன்: "பதிலி வருகைக்குக் காத்திராமல் உடன் விடுவிக்கப்படுகிறார்." பேருந்து நிலையத்துக்குப் போனேன். பூச்சந்தை முடிந்து கூடைகளோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையம் வண்டியில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். இருக்கை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை தன்னையறியாமல் அதன் அடியில் போய்த் திருகாணியைத் தேடியது.

"ஏட்டி, அது பஸ்காரன் சொத்து" என்றேன்.

"கேட்டா எப்பத் தருவான்?" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தோம். வண்டி கிளம்பிவிட்டது.

முதலில் வாரம் ஒருமுறை பேசினோம். அங்கே குளிரில் மரம் காய்ந்து வளைந்து முறுக்காது என்று சொன்னாள். யூகலிப்டஸ் வாசத்தில் தலை வலிக்கிறது என்றாள். பிறகு பண்டிகைக்குப் பேசினோம். பிறகு என் எண் மாறியது. அவள் எண்ணும் மாறியிருக்க வேண்டும். ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். கண்டுபிடித்து என்ன சொல்வது என்பதற்குத்தான் முறை இல்லை. விடுதிக்குப் பதிலி ஒரு மாதத்தில் வந்துவிட்டார். எனக்கு வரவில்லை.

கதவைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டவும் ஓர் உத்தரவு இருந்தது. நான் அதை மிக முறைப்படி நடத்தினேன். கழற்றும் செலவுக்கு மதிப்பீடு கேட்டேன். பொருத்தும் செலவுக்குத் தனி மதிப்பீடு கேட்டேன். அளவு குறைந்துவிட்ட கதவைப் பதிவேட்டில் உள்ள அதே கதவாகக் கொள்ளலாமா என்று தெளிவுரை வேண்டி எழுதினேன். தெளிவுரை வந்ததும், அந்தத் தெளிவுரை எந்த விதியின் கீழ் வழங்கப்பட்டது என்று கேட்டேன். புதிய காப்பாளினியின் அறைக்கு அவசரத் தேவை என்று ஒரு சாதாரணக் கதவு வாங்கித் தந்தோம். பழைய கோப்பு என் மேசையில் தடித்துக்கொண்டே போனது. வாழ்நாள் முழுக்கக் கற்ற வித்தையை ஒரு முறையாவது சரியாகப் பயன்படுத்தினேன்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசி ஆய்வுக்கு அந்த விடுதிக்குப் போனேன். திடீர் ஆய்வு அல்ல. தேதி குறித்து அறிவித்த ஆய்வு. பதிவேடுகளைப் பார்த்தேன். அரிசியைப் பார்த்தேன். பிறகு குளியல் கட்டுக்குத் தனியாகப் போனேன். கதவில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் ஏறி, தேக்கு கருத்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. உள்ளே போய்ச் சாத்தி, தாழ் போட்டேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது தாழ். கீலுக்கு எடுத்த பள்ளத்தில் உளி பட்ட தடங்கள் விரலுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றேன்.

வெளியே வாளி வைக்கும் சத்தம். கதவைத் தட்டினார்கள். ஏதோ ஒரு பிள்ளை. என் முகம் தெரியாத பிள்ளை.

"யாருட்டி உள்ள? எவ்வளவு நேரம்?"

"ஆளு இருக்கு" என்றேன்.